வழி கேட்க வந்தவர்கள்

"அப்பா, இந்தக் குழாயை ஆரு போட்டது?"

"துரை போட்டான்."

"எந்தத் துரை?"

"பங்களாவுல இருந்த வெள்ளக்காரத் துரை. நான் அப்ப உன்னாட்டம் இருப்பேன். மலைக்குக் கீழ இருந்து குழாயைத் தோள்ல தூக்கிட்டு வந்ததே எங்கப்பனும் சித்தப்பனுந்தான். நான் பின்னாடியே வந்தேன், வேடிக்கை பாத்துக்கிட்டு."

"சுனை நம்முளுதுதான?"

"பின்ன, ஆருது?"

"அப்பறம் அவங்க வழி கேட்டாங்களா?"

கருப்பண்ணன் வெற்றிலைச் சாற்றைத் தள்ளித் துப்பிவிட்டு மகளைப் பார்த்தார்.

"கேக்கலியே கண்ணு. கேட்டிருந்தாக் குடுத்திருப்போம்."

அப்போது அம்சவேணிக்குப் பத்து வயது இருக்கும். சுனையோரத்தில் உட்கார்ந்து இருவரும் ராகிக் களியை உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவளுக்கே தலை பாதி நரைத்துவிட்டது. அப்பன் மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சு காதில் விழும். அப்பன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அதுதான் அவளுக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

வளப்பூர் நாட்டில் அவர்கள் ஊர்ப்பக்கம் வழி கேட்பது என்று ஒரு முறை உண்டு. சும்மா நடந்து போகிறவன் யார் காட்டிலும் நடக்கலாம். ஆனால் அடுத்தவர் காட்டு வழியாகப் பிணம் போகவேண்டும், கல்யாணப் பெண் போகவேண்டும், தண்ணீர் போகவேண்டும் என்றால் கேட்காமல் போகக்கூடாது. கேட்க வருகிறவன் செருப்பில்லாமல் வந்து, காட்டைச் சுற்றிய கல்லுக்கட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். காட்டுக்காரர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும். இன்னாருக்கு வழி வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொல்வான். காட்டுக்காரர் ஓர் எட்டு ஒதுங்கி நின்றால் கொடுத்துவிட்டதாக அர்த்தம். முகம் பார்த்துக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. கொடுக்க மனமில்லாதவர்கள் கேட்பதற்கு முன்பே திரும்பிக்கொள்வார்கள். முதுகைப் பார்த்து வழி கேட்க முடியாது.

பங்களாத் துரை முகத்தையும் பார்க்கவில்லை, முதுகையும் பார்க்கவில்லை. குழாயைப் போட்டான். தண்ணீர் போயிற்று.

கருப்பண்ணன் உயிரோடு இருக்கும்போதே காட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். சுனை இருந்த மேல்காடு அம்சவேணிக்கு. அவள் புருஷன் அண்ணாமலை வீட்டோடு வந்த மாப்பிள்ளை. பங்களாவை ஒட்டிய கீழ்க்காடு அவள் தம்பி செங்கோடனுக்கு. கீழ்க்காட்டின் கோடியில், வெட்டிவிட்டதுபோல் மலை இறங்கும் இடத்துக்குக் கழுகுமொனை என்று பெயர். கருப்பண்ணனை அங்கேதான் புதைத்தார்கள். அவரவர் காட்டு ஓரத்தில் புதைத்து, தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நடுவார்கள். தை நோம்பிக்குப் புதுச் சாமையில் பொங்கி அந்தக் கல்லுக்கு முன்னால் வைப்பார்கள்.

துரை போனபிறகு பங்களா கைமாறிக் கைமாறி, தொண்ணூற்றேழில் கீழேயிருந்து வந்த ஒரு முதலாளியிடம் சேர்ந்தது. அவர் அதைத் தங்கும் விடுதியாக்கினார். செங்கோடனின் கீழ்க்காட்டையும் வாங்கினார். செங்கோடனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, ஒரு விசில், கரண்டு லைட்டு எரியும் ஒற்றை அறை வீடு. கிரயம் முடிந்த மறுமாதமே முள்கம்பி வேலி வந்தது. மேல்காட்டிலிருந்து செம்மேட்டு ரோட்டுக்கு இறங்கும் பாதை வேலிக்குள் போயிற்று. கல்லும் போயிற்று.

அந்தத் தையில் அம்சவேணி பொங்கல் பானையோடு கேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே காக்கிச் சட்டையோடு தம்பி நின்றான். சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது.

"கெஸ்ட் வந்திருக்காங்கக்கா. சாயங்காலமா வா. மேனேஜர்கிட்ட நான் கேட்டு வெக்கிறேன்."

"எங்கப்பன் கல்லுக்குப் போக நீ ஆருகிட்டடா கேப்பே?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான். அவள் பானையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேட்டுப் பக்கம் போகவில்லை. செம்மேட்டுச் சந்தைக்குப் போவதென்றால் சோலையைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கிப் போனாள். தலையில் பலாப்பழம் இருக்கும்போது அந்தச் சுற்றின் ஒவ்வொரு மேட்டிலும் தம்பியின் பெயரைச் சொல்லி மூச்சு விட்டாள்.

செங்கோடன் மட்டும் வந்துகொண்டிருந்தான். டூட்டி மாறும் வேளையில் சோலை வழியாக ஏறி வந்து, மேல்காட்டுக் கல்லுக்கட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். வாய் லேசாகத் திறந்திருக்கும். அம்சவேணி களைக்கொத்தைக் கீழே வைக்கமாட்டாள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். அவன் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவான். இப்படியே வருடங்கள் ஓடின.

"அவன் என்னமோ கேக்கோணும்னுதான் வாரான்," என்று ஊரில் சொன்னார்கள்.

"கேக்கட்டும். எனக்கு முதுகுல காது இல்ல," என்றாள் அவள்.

*

இரண்டாயிரத்து மூன்று தை கழிந்து, வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. முள்ளுக்குறிச்சியிலிருந்து ஜமால் முகமது வந்தார். கருப்பண்ணன் காலத்திலிருந்தே இந்த வீட்டு மிளகும் பலாவும் அவருக்குத்தான் போகும்.

"ஏம்மா அம்சவேணி, நல்லாக் காஞ்சுதா? இல்ல, எனக்குன்னு தண்ணி தெளிச்சு வெச்சிருக்கியா?"

"கடிச்சுப் பாருங்க பாய். பல்லு இருந்தா."

"பாத்தீங்களா அண்ணாமலை, உங்க ஊட்டுல வந்து நான் மானத்தோட போன நாளே கெடையாது."

"நீங்களாவது சாயங்காலம் கீழ எறங்கிருவீங்க," என்றான் அண்ணாமலை. "நான் வீட்டோட மாப்பிள்ளை. எங்க எறங்குறது?"

ஜமால் முகமது சிரித்தார். மிளகை அள்ளி முகர்ந்து பார்த்தார். மனைவி மஹ்மூதா பீவி பலாக்கொட்டை கேட்டதாகச் சொன்னார். பழம் வரட்டும், பீவிக்கு இல்லாததா என்றாள் அம்சவேணி. கருப்பட்டிக் காபி வந்தது. குடித்து முடித்தும் எழுந்திருக்காமல் பையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொல்லாம உட்ரலாம்னுதான் பாத்தேன். மஹ்மூதாதான், அம்சவேணி பெத்த மகளாச்சே, அவளுக்குத் தெரியோணும்னா. பங்களாக்காரங்க கடைகடையாக் காலண்டர் குடுத்தாங்க. நானும் மாட்டிட்டேன். நேத்துத்தான் உத்துப் பாத்தேன். உங்கப்பா மையத்தை அடக்கறதுக்கு வந்தவன்ல நான். அந்த எடம் எனக்குத் தெரியும்."

சுருளைப் பிரித்துக் காட்டினார். கீழே மேகமும் மேலே நீல வானமுமாக ஒரு படம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் தரையில் இருந்தது. ஷூ போட்ட மற்றொரு கால் ஒரு கல்லின் மேல் இருந்தது. கல்லுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கல்லின் தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்தச் சரிவில்தான் வேலி வருமுன் அம்சவேணி தையில் மஞ்சளும் குங்குமமும் வைப்பாள்.

"கீழ என்ன எழுதியிருக்குது?" என்றான் அண்ணாமலை.

"ஹனிமூன் பாயிண்டுன்னு போட்டிருக்கான்."

"கழுகுமொனைக்கா?" அண்ணாமலை காலண்டரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு எந்தத் துக்கத்தையும் கேலி பண்ணித்தான் தாண்டத் தெரியும். "பாவம் எங்க மாமனாரு. உசுரோட இருந்தப்ப மாமியாளைக் கூட்டிக்கிட்டு ஒரு நாளும் அங்க போயி நின்னதில்ல. இப்பப் பாரு, கூட்டங்கூட்டமா அனிமூன் பாக்கறாரு."

அம்சவேணி சிரிக்கவில்லை. காலண்டரை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"கிழிச்சு அடுப்புல போட்ரு புள்ள."

"இல்லீங்க."

உள்ளே போய் அடுப்புக்கு நேரெதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"தெனமும் பாக்கோணும்," என்றாள்.

ஜமால் முகமதுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நாமக்கல்ல எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரும்மா. ஒரு மனு எழுதிப் போட்டா, கும்பிடறதுக்காச்சும் வழி உடுவாங்க."

"எங்கப்பன் கல்லுக்கு வழி குடுங்கன்னு நான் மனு குடுக்கறதா? கேட்டுட்டா அது அவங்க எடம்னு ஆயிருமே பாய். நான் கேக்க மாட்டேன். அவங்க கேக்கோணும்."

"உங்கிட்ட வந்து கேக்கறதுக்கு அவங்களுக்கு என்ன இருக்குது?"

அம்சவேணி சுனைப் பக்கம் பார்த்தாள். காட்டை அறுத்துக்கொண்டு போகும் அந்தப் பழைய இரும்புக் குழாய், பங்களாவின் கூரைத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. துரை குளித்த தண்ணீர். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் குளித்த தண்ணீர்.

"இருக்குதுங்க," என்றாள்.

*

உடனே செய்திருந்தால் அது கோபம். அம்சவேணிக்கு அது போதவில்லை. அவள் ஆடிக்குக் காத்திருந்தாள்.

மூன்றாவது வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. சித்திரையில் ஓடைகள் வற்றின. வைகாசியில் பலாப் பிஞ்சு உதிர்ந்தது. குச்சிக்கிழங்குச் செடி இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாரும் குடத்தோடு அவள் சுனைக்கு வந்தார்கள். அவர்கள் வந்து நின்று வாய்விட்டுக் கேட்டார்கள். அவள் ஒதுங்கி நின்றாள். கேட்காமல் போய்க்கொண்டிருந்தது குழாய் மட்டும்தான்.

ஆடியில் ஓரி விழாவும் பதினெட்டுக் கூட்டமும் மலையேறும். செம்மேட்டில் பந்தல் போடுவார்கள். பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும். பங்களாவில் எல்லா அறையும் நிரம்பும். மேகம் மட்டும் வந்து வந்து கலைந்தது. காற்று மரத்தைப் பிடித்து உலுக்கியதே தவிர ஒரு துளி விழவில்லை.

பங்களா நிரம்பிவிட்ட ஒரு நாள் காலை அம்சவேணி பலாக்கட்டையில் ஓர் ஆப்புச் செதுக்கினாள். பழஞ்சேலைக் கிழிசலைச் சுற்றி, சுனைத் தொட்டியில் குழாயின் வாயில் வைத்துக் கல்லால் அடித்து இறுக்கினாள். குழாய் ஒரு முறை கொடகொடவென்று இருமிவிட்டு அடங்கியது. நிரம்பி வழிந்த தண்ணீரைக் கொத்தால் கீறி, தரிசாய்க் கிடந்த தன் வயலுக்குத் திருப்பினாள். வெடித்த மண் அதை உறிஞ்சிய சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

மத்தியானம் மேனேஜர் மூச்சு வாங்க ஏறி வந்தான். பின்னால் செங்கோடன்.

"தண்ணி வரலைம்மா. நீங்க அடைச்சீங்களா?"

"ஆமாங்க."

"அது எந்தக் காலத்து லைன் தெரியுமா? வெள்ளைக்காரன் போட்டது."

"அவனை வரச் சொல்லுங்க."

மேனேஜர் செங்கோடனைப் பார்த்தான். "உன் அக்காதானேய்யா? எடுத்துச் சொல்லு."

செங்கோடன் வாயைத் திறப்பதற்குள் அம்சவேணி அவனுக்கு முதுகைக் காட்டினாள். அவளுடைய முகம் மேனேஜருக்கு மட்டும் தெரியும்படி நின்றுகொண்டாள்.

"சரி, என்ன வேணும்? மாசாமாசம் ஏதாவது பாத்துக் குடுக்கச் சொல்றேன்."

"நான் காசு கேட்டனா?"

"பின்ன என்னதான் வேணும்?"

"மொதலாளி வரட்டும். செருப்பைக் கழட்டிப்போட்டு, அந்தக் கல்லுக்கட்டுக்கு வெளிய நின்னு, தண்ணிக்கு வழி வேணும்னு கேக்கட்டும்."

"அவர் எங்க, நீ எங்க? லாரித் தண்ணி வாங்கிக்கறோம், போ."

செம்மேட்டிலிருந்து தண்ணீர் லாரி வந்தது. பங்களாவுக்குத் திரும்பும் கொண்டை வளைவில் திரும்ப முடியாமல் பாதித் தண்ணீரை ரோட்டில் சிந்திவிட்டுப் போயிற்று. அறைக்காரர்கள் சோப்பு நுரையோடு நின்று சத்தம் போட்டதாக ஊரில் பேசிச் சிரித்தார்கள். சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்களாம். அம்சவேணி ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அண்ணாமலை மெதுவாக ஆரம்பித்தான்.

"பொன்னாயி ஓடைக்குழியில போயித் தண்ணி மோந்துட்டு ஏறுறா. முட்டி வீங்கிக் கெடக்குது அந்தப் புள்ளைக்கு."

"ஏறட்டும்."

"உன் தம்பி பொண்டாட்டி."

"கரண்டு லைட்டு இருக்குதில்ல. அதைப் புழிஞ்சு குடிக்கட்டும்."

அண்ணாமலை குழம்பை ஊற்றிப் பிசைந்தான். கேலி பேச அவனுக்கும் அன்று வரவில்லை.

"செங்கோடன் எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? காட்டைத்தான மாமா குடுத்தேன், பாதையையும் கல்லையும் ஆராச்சும் விப்பாங்களான்னான். கையெழுத்துப் போட்டப்ப அவன் அப்படித்தான் நெனச்சிருக்கான். யோசிச்சுப் பாரு. நம்ம ஊர்ல காடு எத்தனை கை மாறியிருக்குது. எவனாச்சும் பாதையை அடைச்சிருக்கானா? அடுத்தவன் கல்லை எவனாச்சும் தனக்குன்னானா? அதுவும் போகும்னு அவனுக்குத் தெரியவே இல்ல புள்ள. உனக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

அம்சவேணியின் கை தட்டில் நின்றது.

"எப்பச் சொன்னான்?"

"வேலி போட்ட அன்னைக்கு இருந்து சொல்றான். எங்கிட்டச் சொல்லி என்ன? உங்கிட்டச் சொல்லத்தான் வந்து வந்து நிக்கிறான்."

"தெரியலைன்னா எறங்கி வந்திருக்கோணும். காக்கியைக் கழட்டி வீசியிருக்கோணும். அவன் கேட்டைப் பூட்டுனான்."

"எங்க எறங்கி வருவான்? அவனுக்கு நிக்கறதுக்கு எடம் எங்க இருக்குது?"

"அதைத்தான் நானும் பாக்கோணும்," என்றாள் அம்சவேணி. மீதிச் சோற்றைத் தின்று முடித்தாள். எதிர்ச் சுவரில் அந்தப் பெண் கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

*

முதலாளி ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் வந்தார். வெள்ளைச் சட்டையும் விளையாட்டு ஷூவுமாக, சின்ன வயசுக்காரர்; நல்ல மனுஷன்போலத்தான் தெரிந்தார். கூடவே அறைக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க ஏறி வந்தார்கள். ஊரும் திரண்டு நின்றது.

கல்லுக்கட்டுக்கு வெளியே முதலாளி சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். "ஸாக்ஸையும் கழட்டணுமா?" என்று கேட்டுவிட்டு அதையும் கழற்றினார். வெறுங்காலில் மண் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தார்.

"செங்கோடா, என்ன சொல்லணும்?"

செங்கோடன் தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுத்தான். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட நாடகத்தில் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"தண்ணிக்கு வழி வேணும்."

யாரோ போட்டோ எடுத்தார்கள். அறைக்காரர்கள் கை தட்டினார்கள்.

அம்சவேணி கொத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தாள். அப்பனுக்கும் பாட்டனுக்கும் வாராத வார்த்தை. அவள் பிறப்பதற்கு முன்பிருந்து இந்தக் காடு காத்துக் கிடந்த வார்த்தை. அது வந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை. கேட்டவனுக்கு அந்த வார்த்தையில் எந்தப் பாரமும் இல்லை. ஷூவைப் போலவே அதையும் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

முறை முறைதான். அவள் ஓர் எட்டு ஒதுங்கினாள்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா இந்தப் பழக்கம்," என்றார் முதலாளி. "சீசனுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டலாம். மேனேஜர், நோட் பண்ணிக்கங்க. உங்களுக்கும் ஏதாவது வேணும்னா கேளுங்கம்மா, செஞ்சிடலாம்."

கேளுங்கம்மா என்ற சொல்லில் ஊர் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. கல்லைக் கேள், பாதையைக் கேள் என்று அண்ணாமலையின் கண் கெஞ்சியது.

"எனக்கு உங்ககிட்டக் கேக்க ஒண்ணுமில்லீங்க," என்றாள் அம்சவேணி. "இன்னைக்குத் தண்ணி குடுத்தாச்சு."

"இன்னைக்கா?"

"ஒரு தடவை கேட்டா ஒரு தடவைக்குத்தான். நாளைக்குத் தண்ணி போகோணும்னா நாளைக்குக் காலையில வந்து கேக்கோணும். எங்க ஊர் முறைங்க."

முதலாளியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஷூவைப் பார்த்தார், அறைக்காரர்களைப் பார்த்தார். பிறகு வழி கிடைத்தவர்போலத் திரும்பினார்.

"அதுக்கென்ன. செங்கோடன் தினமும் வருவான். என் சார்பா கேப்பான். போதுமா?"

அம்சவேணி தம்பியின் பாதங்களைப் பார்த்தாள். காட்டுமுள் ஏறி ஏறிக் காய்த்துப்போன பாதங்கள். பச்சை மிளகைக் கடித்தாற்போல ஏதோ ஒன்று அவளுக்குள் சுறுசுறுவென்று பரவியது. பிறந்த காட்டுக்கு வெளியே வெறுங்காலோடு நின்று, இன்னொருத்தனுக்காகத் தினமும் வாய்விட்டுக் கேட்கட்டும். தனக்கென்று கேட்க வந்த வாயால் பங்களாவுக்குக் கேட்கட்டும்.

"போதும்," என்றாள். "வரட்டும்."

மறுநாள் காலை மூடுபனியில் செங்கோடன் வந்து நின்றபோதுதான், தான் யோசிக்காமல் விட்ட ஒன்று அவளுக்கு உறைத்தது. முதுகைக் காட்ட முடியாது. கேட்கச் சொன்னவள் அவள். முகத்தைக் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்தாள். தம்பியின் மீசை நரைத்திருந்தது. கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் அப்பனுடைய மூக்காக எடுப்பாக நின்றது. அவனும் அவளைப் பார்த்தான். எப்போதோ பார்த்து மறந்துபோன ஒன்றைத் தேடுகிறவன்போலப் பார்த்தான்.

"பங்களாவுக்குத் தண்ணி. வழி வேணும்."

"காதுல உழுகலை. சத்தமாக் கேளு."

"பங்களாவுக்குத் தண்ணி. வழி வேணும்."

அவள் ஒதுங்கினாள். ஆப்பைப் பிடுங்கினாள். பொழுது சாய்ந்ததும் திரும்ப அடித்து இறுக்கினாள்.

தினமும் இப்படித்தான். காலையில் எழும்போதே அன்றைக்கு என்ன சொல்லலாம் என்று அவளுக்கு நாக்கு ஊறும். விசில் ஊதிட்டுக் கேளு என்பாள். சட்டைப் பொத்தானைப் போட்டுட்டுக் கேளு, உங்க மொதலாளிக்குக் கவுரவம் என்பாள். இவ்வளவு நல்லாக் கேக்கறியே, உன்னைக் கேட்டுல நிறுத்தி வெச்சது சரிதான் என்பாள். அவன் சொன்னதையெல்லாம் செய்தான். பொத்தானைப் போட்டான். விசிலை ஊதினான், சோலையிலிருந்து காட்டுக்கோழி ஒன்று அடித்துக்கொண்டு பறந்தது. கல்லுக்கட்டை ஒட்டிக் கிழங்கு பறித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காட்டு மாதம்மாள்கூட, "போதும் உடு ஆத்தா, கேக்கறதுக்கே கூசுது," என்றாள்.

"உனக்கு எதுக்குக் கூசுது? உங்கப்பன் மேல ஆராச்சும் கால் வெச்சாங்களா?"

ஆனால் முதல் சில நாள் இனித்தது பிறகு இனிக்கவில்லை. அவன் போனபிறகும் அவன் முகம் போகவில்லை. களி கிளறும்போது வந்தது. களை கொத்தும்போது வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவனை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்காகவும் அவன் மேல்தான் ஆத்திரப்பட்டாள்.

*

ஆவணி பிறந்தது. ஒரு காலை செங்கோடன் நேரத்துக்கு வரவில்லை. அம்சவேணி கொத்தும் கையுமாகச் சுனைக்கும் கல்லுக்கட்டுக்கும் நடந்தாள். குழாய் வாயில் ஆப்பு அப்படியே இருந்தது.

"ஆளைக் காணோமே. சோப்பு நொரையோட நிக்கப் போறாங்க," என்றான் அண்ணாமலை. கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"வருவான். எங்க போவான்?"

அவன் சோலை வழியாக வரவில்லை. கீழ்க்காட்டிலிருந்து நேராக, வேலி மறைத்துக் கிடந்த அந்தப் பழைய பாதையில் ஏறி வந்தான். புல் மண்டிய பாதையில் அவன் தலை முதலில் தெரிந்தது, பிறகு தோள். தோளில் சாக்குத் துணி போட்டு, அதன் மேல் எதையோ சுமந்துகொண்டு வந்தான். காக்கிச் சட்டை இல்லை. முள்கம்பி கிழித்த கையிலிருந்து ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. அவனுக்குப் பின்னால் பொன்னாயி, தலையில் துணிமூட்டையும் இடுப்பில் ஒரு பானையுமாக நொண்டி நொண்டி ஏறிக்கொண்டிருந்தாள்.

அண்ணாமலை கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

தோளில் இருந்தது கல். முக்கால்வாசி வெள்ளைப் பெயின்ட்டு, மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பக்கம் மட்டும் பழைய கறுப்பு. ஒரு பக்கம் தோள் சரிந்த கல்.

கல்லுக்கட்டுக்கு வெளியே வந்து நின்றான். இறக்கி வைக்கவில்லை. எடுத்த கல்லை நடுகிற இடத்தில்தான் இறக்கவேண்டும், வழியில் மண்ணில் படக்கூடாது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

கீழே பங்களாப் பக்கமிருந்து மேனேஜர் அவன் பெயரைச் சொல்லிக் கூவுவது கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்சவேணிக்குக் கை கொத்தைவிட்டு வரவில்லை. தினமும் சொல்லிப் பழகியதே வாயில் வந்தது.

"சத்தமாக் கேளு," என்றாள். ஆனால் அவள் குரலே எழும்பவில்லை.

"அப்பனுக்கு வழி வேணும்," என்றான் செங்கோடன்.

கொத்து கீழே விழுந்தது. அவள் ஓர் எட்டு ஒதுங்கினாள். ஓர் எட்டு போதாதென்று இன்னோர் எட்டும் ஒதுங்கினாள். கேட்டிருந்தாக் குடுத்திருப்போம் என்று சிரித்த அந்த மனுஷனுக்கு அவருடைய காட்டிலேயே வழி விட்டு நின்றாள்.

செங்கோடன் உள்ளே வரவில்லை.

"குடுத்தாச்சில்ல மாப்ள, வாடா," என்றான் அண்ணாமலை. "தோளு எறங்கீரும். நான் ஒரு கை புடிக்கிறேன்."

செங்கோடன் தலையை அசைத்து வேண்டாமென்றான். பாரம் அழுத்தியதில் அவன் முகம் சாய்ந்திருந்தது. சாய்ந்த முகத்தோடு அக்காவையே பார்த்தான். அவள் திரும்பிக்கொள்வாளோ என்று ஒரு கணம் கண்ணில் பழைய பயம் வந்து போயிற்று. அவள் திரும்பவில்லை.

வாய் லேசாகத் திறந்தது. எத்தனையோ சாயங்காலங்களில் இதே இடத்தில் அவளுடைய முதுகுக்கு முன்னால் திறந்து மூடிய வாய்.

"எனக்கும் வழி வேணும்க்கா," என்றான்.